முதலாம் இடத்தில் ஒரு மரண அறிவித்தல்

போன சனிக்கிழமை ஹரோவில் எங்கள் வழமையான மரக்கறிக் கடையில் பாவற்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் ஆங்கில வானொலி ஒன்றைப் பாட விட்டிருந்தார். இந்தக் கிழமை, கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு வரிசையில் பழைய பாட்டு ஒன்று புதுக்குரலில் முதலாம் இடத்துக்கு வந்திருக்கிறதாம். லண்டன் பிள்ளைகள் எல்லாம் இப்போது அகலத் தொப்பி போட்டுக்கொண்டு கன்ட்ரி கேட்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்த ஸ்டீல் கிட்டார் மெல்ல இழுக்கத் தொடங்கியது. நான் கையிலிருந்த பாவற்காயைப் பெட்டியில் போட்டு, கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பெயர் சொல்லப்போகிறார்கள் என்று அசையாமல் காத்து நின்றேன்.

உங்களுக்கு இது விசர்க்கதையாகத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

நான் ஜெர்மனியில் இருந்து லண்டனுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு தமிழ் வானொலியில் தொலைபேசி எடுப்பது. வானொலி என்றவுடன் கண்ணாடிக் கட்டடம் ஒன்றை நினைத்துவிடாதீர்கள். கீழே மிளகாய் அரைக்கிற கடை, மேலே நாங்கள். மெஷின் ஓடுகிற நேரத்தில் செய்தி வாசிப்பவர் தும்மாமல் ஒரு வசனத்தை முடித்தால் அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணி நாங்கள் வாங்கிக் கொடுப்போம். சுவர் முழுக்க முட்டை மட்டைகள் ஒட்டியிருந்தன. சத்தம் வெளியே போகாமல் இருக்கத்தான் ஒட்டினார்கள், ஆனால் மிளகாய் வாசம் உள்ளே வருவதை அதுகளால் தடுக்க முடியவில்லை. இன்றைக்கும் வறுத்த மிளகாய் மணந்தால் என் கை தானாகத் தொலைபேசியைத் தேடும்.

அங்கேதான் தவம் அண்ணையைச் சந்தித்தேன். கிழமை நாட்களில் பார்சல் பிரிக்கிற இடமொன்றில் ஷிப்ட் வேலை. சனிக்கிழமை மத்தியானம் அரை மணித்தியாலம் மட்டும் எங்களிடம் வந்து கன்ட்ரி பாட்டு வரிசை வாசிப்பார். தமிழ் வானொலியில் கன்ட்ரி பாட்டு எதற்கு என்று நானும் கேட்டேன். இளவயதில் கொழும்பில், ஐரோப்பிய வழிவந்த பறங்கிக்காரர் வீடொன்றில் அறை எடுத்து இருந்தாராம். அந்த வீட்டில் காலையில் கோப்பி மணமும் கன்ட்ரி பாட்டும் ஒன்றாகத்தான் எழும்புமாம். அதற்குப் பிறகு அவருக்கு வேறு பாட்டு ஏறவில்லை.

சனி காலையில் இன்டர்நெட் கடைக்குப் போய் அமெரிக்க வரிசையை அச்செடுத்துக்கொண்டு வருவார். "சென்ற வாரம் ஆறாம் இடத்தில் இருந்த பாடல், இவ்வாரம் மூன்றாம் இடத்துக்கு முன்னேறியுள்ளது" என்று தேர்தல் முடிவு மாதிரி வாசிப்பார். பிறகு பாட்டின் கதையைத் தமிழில் சொல்லுவார். எல்லாக் கதையிலும் ஒரு லொறி இருக்கும், விட்டுப்போன மனுசி ஒருத்தி இருப்பாள். மனுசி போன துக்கத்தில் இருக்கிற ஆள் எப்படி அவ்வளவு தூரம் நித்திரை கொள்ளாமல் லொறி ஓட்டுகிறார், அது ஆபத்தல்லவா என்று ஒரு ஐயா தொலைபேசி எடுத்துக் கேட்டார். தவம் அண்ணை அடுத்த கிழமை அதற்கு நிகழ்ச்சியிலேயே பதில் சொன்னார்.

இனி மரண அறிவித்தலுக்கு வருகிறேன். ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. லண்டன் தமிழ் வீடுகளில் குசினியில் நாள் முழுக்க எங்கள் வானொலி பாடும். பாட்டுக்காக என்று சொல்லுவார்கள், உண்மையில் அறிவித்தலுக்காக. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர் என்று வாசிப்போம். அறிவித்தலுக்கு முன் ஒரு இசை போகும். அது கேட்டவுடன் வீட்டில் தண்ணிப் பைப்பை மூடுவார்கள், பிள்ளைகளைக் கை காட்டி அடக்குவார்கள். முதலில் அது வீணையாக இருந்தது. அதே வீணையை ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கும் போட்டுவிட்டதால் சனம் ஏசியது. அதனால் முதலாளி ஒருநாள் தவம் அண்ணையின் இசைத்தட்டு ஒன்றை எடுத்து, பாட்டுத் தொடங்க முன் வருகிற கிட்டாரை மட்டும் வெட்டிப் போட்டார். அழுகிற மாதிரி இருந்தது, எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அது ஒரு காதல் பாட்டின் தொடக்கம் என்று தவம் அண்ணைக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்.

ஒரு சனிக்கிழமை அவர் அச்செடுத்த தாளோடு படியேறி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. அந்தப் பாட்டை அமெரிக்காவில் யாரோ ஒரு பெண் திரும்பப் பாடியிருக்கிறாள். தொடக்கத்துக் கிட்டாரை அப்படியே வைத்திருக்கிறாள். அது நேரே முதலாம் இடத்துக்கு வந்துவிட்டது.

முதலாளி போடவே கூடாது என்றார். அவருக்கு அந்த அரை மணித்தியாலத்தை ராசிக்கல் சாத்திரி ஒருவருக்குக் கொடுக்க ஏற்கனவே ஆசை. போட்டுச் சனம் குழம்பினால் வாற சனி சாத்திரியார்தான் என்று முடிவாகச் சொன்னார். கிட்டாரை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் போடுவோமே என்று நான் சமாதானம் பேசிப் பார்த்தேன்.

"தலையை வெட்டிப்போட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வரேலாது, தங்கச்சி," என்றார் தவம் அண்ணை. "முதலாவதை விட்டிட்டு வாசிச்சா அது வரிசையும் இல்லை."

எனக்குக் கோபம் வந்தது. அந்த அரை மணித்தியாலம் போனால் இந்த மனிதருக்குக் கிழமையில் மிச்சம் பார்சல் மட்டுந்தான். பார்சல் பிரிக்கிற இடத்தில் அவருடைய பெயரைக்கூட முழுதாகச் சொல்லமாட்டார்கள். எங்கள் படியில் ஏறினால்தான் அவர் ஒரு ஆள். அது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் போட்டார்.

போடமுன், இது பாட்டு, ஒருவரும் சாகவில்லை என்று இரண்டு தரம் சொன்னார். என்ன பிரயோசனம்? எங்கள் சனம் பேச்சைக் கேட்பதில்லை, கிட்டாரைத்தான் கேட்கும். தொலைபேசிகள் எல்லாம் ஒன்றாக அடித்தன. ஆர், எந்த ஊர், என்ன வயது? ஒருவருமில்லை, பாட்டு என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. சிலர் ஏசினார்கள். முதலாளி கதவடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வடக்கு லண்டன் எட்மண்டனில் இருந்து ஒரு அம்மா எடுத்தார். பதறவில்லை, அவசரப்படவும் இல்லை.

"சொல்லு பிள்ளை, நான் இருந்திட்டன்."

கதிரையில் இருந்துகொண்டு எடுத்திருக்கிறார். விழாமல் இருப்பதற்காக. ஊரில் அவருக்கு ஆர் ஆர் மிச்சம் இருந்தார்களோ தெரியாது.

"ஒருத்தரும் இல்லையம்மா. இது பாட்டு."

"ஒருத்தரும் இல்லையோ?"

"ஓம் அம்மா. ஒருத்தரும் இல்லை."

அவருடைய குசினியில் எங்கள் பாட்டு முடிந்துகொண்டிருப்பது தொலைபேசியில் கேட்டது.

"அப்ப திருப்பிப் போடச் சொல்லு பிள்ளை. முழுக்கக் கேக்கவேணும்."

நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். முதலாளி கதவடியை விட்டுப் போனார். தவம் அண்ணை திருப்பிப் போட்டார். அடுத்த கிழமை இன்னும் சிலர் அதையே கேட்டார்கள். அந்தக் கிட்டார் தொடங்கி, ஒரு பெயரும் வராமல், ஒரு பெண் காதலைப் பாடி முடிப்பதைக் கேட்க அவர்களுக்கு ஆசையாக இருந்திருக்கிறது. சாத்திரியார் வேறு வானொலிக்குப் போனார். அமெரிக்காவில் அந்தப் பாட்டு இறங்கி வரிசையை விட்டே போனபிறகும், தவம் அண்ணை வரிசையை ஒழுங்காக வாசித்துவிட்டுக் கடைசியில் அதைப் போடுவார்.

இப்போது அந்த மாடியில் நகத்துக்குப் பூச்சுப் பூசுகிறார்கள். மிளகாய்க் கடையும் இல்லை. சாவு தொலைபேசியில் படமாக வருகிறது, கீழே கும்பிடுகிற கைகள் வரிசையாக விழுகின்றன. தவம் அண்ணை போன வருடம் போனது எனக்கு அப்படித்தான் வந்தது. மீன் கடை வரிசையில் நின்றேன். நானும் இரண்டு கைகளை அனுப்பிவிட்டு அறக்குளாவை வெட்டித் தரச்சொன்னேன். ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டார். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஹரோக் கடையில் அதே கிட்டார் இன்னும் முடியவில்லை. வெங்காயப் பெட்டிக்குப் பக்கத்தில் வயதான அம்மா ஒருவரும் என்னைப் போலவே கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றதை அப்போதுதான் கண்டேன். என்னைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை?"

ஒருத்தரும் இல்லையம்மா, பாட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். எத்தனை தரம் சொன்ன வசனம். ஆனால் வேறுதான் வந்தது.

"தவம் அண்ணை, அம்மா. யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், ஃபாரஸ்ட் கேட்டை வதிவிடமாகவும் கொண்டவர்."

அவர் தலையை ஆட்டினார். பாட்டு முடியும்வரை நாங்கள் இரண்டு பேரும் கூடையைத் தூக்கவில்லை.