அத்தான் வாய் திறக்கக்கூடாத மாதம்

“…அவுக வாயத் தொறந்தா வேல போயிரும் பெரியப்பா. எனக்குப் போறதுக்கு என்ன இருக்கு? அதான் நா பேசுதேன், கேட்டுக்கிடுங்க” என்று எங்கள் அக்கா சொன்னபோது, வீட்டில் இருந்த எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு முன்னால் பல நாளாக அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. எங்கள் அக்கா பேசாமல் இருப்பது, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஹார்ன் சத்தம் இல்லாமல் இருப்பது மாதிரி.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. அக்கா மாப்பிள்ளை, எனக்கு அத்தான், மெட்ராஸில் விமானங்களுக்கு மைக்கில் வழி சொல்லும் உத்தியோகத்தில் இருந்தார். எது இறங்கலாம், எது மேலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்பவர். ஊரில் இதை விளங்கவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடும். “அப்போ ஏரோப்ளேனுக்கு டிராபிக் போலீஸ்னு சொல்லும்வே” என்று எங்கள் தெரு சலூன்காரர் ஒருநாள் முடித்துவைத்தார். நானும் அதையே வைத்துக்கொண்டேன்.

ரேடியோ இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, ராத்திரி டூட்டியை டீயும் சிகரெட்டுமாக ஓட்டி, அத்தானுக்குக் குரல் கம்மிப்போனது. டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடி விட்டுப் பார்த்து, குரல் நாணில் தடிப்பு, ஒரு மாதம் பேசக்கூடாது என்றுவிட்டார். அதன்பிறகு பரிசோதனையில் குரல் தெளிந்திருந்தால்தான் மைக். இல்லாவிட்டால் ஃபைல் கட்டும் இடத்துக்கு மாற்றல். அத்தானுக்கு அந்த மைக்தான் உயிர். மெட்ராஸில் சிநேகிதர்கள் பேச்சுக் கொடுப்பார்கள் என்று அக்கா அவரை எங்கள் ஊருக்குக் கூட்டிவந்தாள். பேச்சுக்குப் பயந்து சங்கரன்கோவிலுக்கு வந்தவர்கள் உலகத்திலேயே இவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

அத்தானைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். ஒருவர் சித்தரத்தை, ஒருவர் மிளகுப் பால். கோயில் புற்றுமண்ணைக் குழைத்துக் கழுத்தில் பூசி, அத்தான் பாதி வெள்ளையடித்த சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கேட்கிற கேள்விக்கெல்லாம் குசுகுசுவென்று பதில் சொல்ல அக்கா அனுமதி கொடுத்திருந்தாள். குசுகுசுத்தால் அது பேச்சில்லை, மூச்சுதானாம். அவர் குசுகுசுக்க, வந்தவர்களும் மரியாதைக்குக் குசுகுசுக்க, வீட்டில் ஏதோ திருட்டுக்குத் திட்டம் போடுகிற மாதிரியே இருக்கும்.

பக்கத்து வீட்டு டீச்சரம்மா சர்ச்சில் பாடுகிறவர். ஒருமுறை குரலை இழந்து மீட்டவர். அவர் வந்து இதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். குசுகுசுப் பேச்சு சாதாரணப் பேச்சைவிடத் தொண்டையைப் படுத்தும் என்று அவர் சொன்னதும் அக்காவின் முகம் செத்துப்போனது. “நா கேட்டா அவுகளால பதில் சொல்லாம இருக்க முடியாது. இனிமே நானும் பேசல” என்றாள். அதோடு சரி.

பிறகு எல்லாம் சைகைதான். அதிலும் அத்தானின் தொழில் வழக்கம் விடவில்லை. அவர்கள் வேலையில், சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டுமாம். தப்பாகச் சொன்னால் அந்த நொடியே திருத்த வேண்டும். விட்டால் ஆபத்து. அதனால் அவர் கையைக் காட்டினால் நான் “வெந்நி கேக்கீக அத்தான்” என்று உரக்கச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் தலையசைப்பார். தப்பாக இருந்தால் அவர் உடம்பே துடிக்கும். வாய் தானாகக் கோணும்.

புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை என்ற செய்தி ஊரை விட்டுக் கிளம்பியது. கரிவலம்வந்தநல்லூர் போய்ச் சேர்வதற்குள் தொண்டை விஷயம் மட்டும் வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது. மறுநாளே அங்கிருந்து எங்கள் பெரியப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்துவிட்டார். பல வீட்டுச் சண்டைகளைத் தீர்த்தவர். அதில் பாதி, அவர் போன பிறகு ஆரம்பித்தவை என்பார்கள். நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். “ஏலே, நீ சும்மா கெட. இது புருசன் பொஞ்சாதி சங்கதி” என்று அடக்கிவிட்டார்.

அக்காவைக் கேட்டார். அவள் உதட்டில் விரல் வைத்தாள். பெண்பிள்ளையை மிரட்டி வைத்திருக்கிறான் என்று அவருக்கு அதிலேயே தெளிவாகிவிட்டது. அத்தான் பக்கம் திரும்பினார்.

“மாப்ளே, ஒரே ஒரு வார்த்த. இவகூட வாழுதீரா, இல்லியா? சொல்லாட்டா பிள்ளையக் கூட்டிக்கிட்டு நா பஸ் ஏறுதேன்.”

அத்தான் பதறிப்போய்த் தொண்டையைத் தொட்டார். குரல் இல்லை என்பதற்கு விரலைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தார். விமான வேலை என்பதற்கு மேலே வானத்தைக் காட்டினார்.

பெரியப்பா எழுந்தேவிட்டார். “கழுத்த அறுத்து மேல அனுப்பிருவேங்கீரா?”

தப்பாகத் திருப்பிச் சொல்லிவிட்டார். இத்தனை வருஷ உத்தியோகம் அத்தானுக்குள் எழுந்து நின்றது. புற்றுமண் பூசிய கழுத்தில் நரம்பு புடைத்தது. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து வாயைத் திறந்துவிட்டார். திறந்த வேகத்தைப் பார்த்தால், வரப்போவது மெட்ராஸ் வரைக்கும் கேட்கும் என்று தோன்றியது. பிற்பாடு அவர் பரிசோதனையில் தேறி மறுபடி மைக் முன்னால் போய் உட்கார்ந்தார். அது அந்த ஒரு நொடியில் தீர்மானமானது என்றுதான் நான் இன்றும் சொல்வேன்.

அப்போதுதான், நான் முதலில் சொன்ன அந்தப் பேச்சை அக்கா பேசினாள். பேசிக்கொண்டே, பெரியப்பா கொண்டுவந்த சீப்பில் பெரிய பழமாகப் பார்த்துப் பிய்த்து, உரித்து, திறந்திருந்த அத்தானின் வாயில் முழுசாக வைத்து அடைத்தாள்.