நல்லக்கண்ணு சுற்றிய செப்புக் கம்பி

1979 பிப்ரவரியில் தென்காசி கோர்ட்டில் ஒரு சாட்சிக்குக் கேள்விகளைத் தாளில் எழுதிக் காட்டும் வேலை எனக்கு வந்தது. சாட்சிக்குக் காது கேட்காது. பெயர் நல்லக்கண்ணு. குற்றாலம் ரோட்டில் கார்களுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்ப்பவர். கோர்ட் எழுத்தராக எத்தனையோ சாட்சிகளைப் பார்த்தவன் நான். அவரை மட்டும்தான் கோர்ட் கலைந்த பிறகும் தேடிப் போய்ப் பார்க்கத் தோன்றியது. இதில் பாதி அவர் சொன்னது, மீதி வழக்குக் காகிதங்களில் இருந்தது.

அவருக்குச் சொந்த ஊர் திருவேங்கடம் பக்கம். பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்து, வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் பிரிவில் பதினாலு வருஷம் இருந்தார். 1971 டிசம்பரில், ரிப்பேருக்கு நிறுத்தியிருந்த லாரிக்குப் பக்கத்தில் குண்டு விழுந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு காதும் போய்விட்டன. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர் மனைவி பேராச்சி இரண்டு வருஷம் அவரோடு தென்காசியில் இருந்தாள். பிள்ளை இல்லை. சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. எதைச் சொல்வதாக இருந்தாலும் அவருக்கு எதிரே போய் நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து சொல்லவேண்டும். அடுப்படியில் இருந்துகொண்டே ஒரு வார்த்தை, விளக்கை அணைத்த பிறகு ஒரு வார்த்தை என்பதெல்லாம் அந்த வீட்டில் இல்லாமல் போயிற்று. சுரண்டையில் அவள் அண்ணன் பலசரக்குக் கடை வைத்திருந்தான். ஒத்தாசைக்கு என்று போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். அவரும் போய்க் கூப்பிடவில்லை. "அவ வாயத் தொறந்து பேசியே அலுத்துப் போனா. நான் என்னன்னு கூப்பிட?" என்றார் என்னிடம்.

வேலையில் மட்டும் காது அவருக்குத் தடையாக இல்லை. ஒரு சின்ன பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். ஒன்றை வண்டியின் தகட்டில் மாட்டி, மற்றதை ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போவார். பல்பு எரிந்தால் அதுவரை கரண்ட் வருகிறது. எரியாவிட்டால் அதற்கு முன்னால் எங்கோ நின்றுவிட்டது. ஹாரன் அடிக்கிறதா என்று பார்க்க பானெட்டில் உள்ளங்கையை வைப்பார். இண்டிகேட்டர் ரிலே துடிப்பதை விரல் நுனியில் எண்ணுவார். மழையில் தானாக ஹாரன் அலறும் கார், வலது பக்கம் திரும்பினால் மட்டும் விளக்கு அணையும் வேன் என்று மற்றவர்கள் கைவிட்டதெல்லாம் அவரிடம் வரும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சீசன். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் கார்களில் ஈரம் புகுந்து ஒன்று மாற்றி ஒன்று நிற்கும். அந்த மூன்று மாதமும் அவர் கடை முன்னால் வண்டிகள் வரிசையில் நிற்கும். மற்ற மாதங்களில் வாரத்துக்கு இரண்டு வண்டி வந்தால் அதிகம். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் நாலு நாள் போனதுண்டு என்றார்.

1978 ஜூலையில் மாடன் என்ற டாக்ஸி டிரைவர் ஒரு அம்பாசிடரைக் கொண்டுவந்தான். வண்டி சுந்தரபாண்டியன் என்பவருடையது. மாடன் அதை ஓட்டினான், அவ்வளவுதான். வைப்பருக்கும் பிரேக் லைட்டுக்கும் சேர்த்துக் கரண்ட் போகிற ஒரே ஃபியூஸ் அடிக்கடி எரிந்துபோகிறது என்றான்.

நல்லக்கண்ணு ஒரு மணி நேரம் தேடினார். எல்லாம் சரியாக இருந்தது. எங்கோ ஒரு வயர் தகட்டில் உரசுகிறது என்பது மட்டும் தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை.

"வண்டியப் போட்டுட்டுப் போ. பிரிச்சுப் பாக்கணும்," என்றார்.

மாடன் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றான். "அண்ணாச்சி, பார்ட்டி லாட்ஜுல காத்துக் கெடக்கு. இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஒரு கம்பியச் சுத்தி விடுங்க. திங்கக்கெழம காலையில வண்டிய இங்கன கொண்டாந்து போட்டுருதேன்."

பின்னால் ஆறு வண்டிகள் நின்றன. நல்லக்கண்ணு ஒரு செப்புக் கம்பியை எடுத்து, ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கினார். "திங்கக்கெழம வரணும். கேட்டியாலே?" என்றார். மாடன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. சீசன் அவசரத்தில் அதே மாதிரி இன்னும் நாலைந்து வண்டிக்குக் கம்பி சுற்றிக் கொடுத்த நல்லக்கண்ணுக்கு அந்த வண்டி நினைவிலிருந்து போய்விட்டது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், நாலு மணி இருக்கும். ஐந்தருவியிலிருந்து ஆறு பேரையும் டிக்கி நிறையச் சாமானையும் ஏற்றிக்கொண்டு மாடன் இறங்கி வந்தான். நல்ல சாரல். வளைவில் ஒரு மாடு குறுக்கே வர, பிரேக்கை மிதித்தான். வைப்பர் நின்றது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர். ஒன்றும் தெரியாமல் இடது பக்கம் ஒடித்தான். ரோட்டோரம் மங்குஸ்தான் கூடையோடு உட்கார்ந்திருந்தாள் மேலகரத்துக் குழல்வாய்மொழி. வண்டி அவள் வலது காலில் ஏறியது. பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மாடன் மேல் கேஸ் பதிவாயிற்று. மோட்டார் வாகன அதிகாரி வந்து வண்டியைச் சோதித்தார். வெயில் நேரம், காலி வண்டி. வைப்பர் ஓடியது, பிரேக் பிடித்தது, விளக்குகள் எரிந்தன. வண்டியில் பழுது எதுவும் இல்லை என்று எழுதினார். அவர் பார்த்தபோது இருந்ததைத்தான் எழுதினார்.

ஜாமீனில் வந்த மாடன் நல்லக்கண்ணிடம் ஓடினான். "பிரேக்க மிதிச்சேன், வைப்பர் நின்னுட்டு அண்ணாச்சி. யாரும் நம்ப மாட்டேங்கான். வந்து பாருங்க."

சுந்தரபாண்டியன் வீட்டு முற்றத்தில் வண்டி நின்றது. நல்லக்கண்ணு பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் இடையில் ஒரு கட்டையைக் கொடுத்து பெடலை அழுத்தி நிறுத்திவிட்டு, வைப்பரைப் போட்டார். ஓடியது. வண்டியைக் குலுக்கினார். ஓடியது. காலையிலிருந்து மதியம் வரை வைப்பரிலும் பிரேக் லைட்டிலும் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை.

பிறகு, விபத்து நடந்தபோது வண்டி எப்படி இருந்ததோ அப்படியே வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. முற்றத்தில் கிடந்த நெல் மூட்டை இரண்டை மாடனோடு சேர்ந்து தூக்கி டிக்கியில் போட்டார். இரண்டாவது மூட்டை உட்கார்ந்ததும் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. கட்டையை எடுத்தார். வைப்பர் ஓடியது. மறுபடி வைத்தார். நின்றது.

டிக்கியின் அடித்தகட்டில் ஒரு ஓட்டை வழியாகப் பிரேக் லைட் வயர் போகும். அந்த ஓட்டைக்கு இருக்கவேண்டிய ரப்பர் வளையம் இல்லை. சாமான் அழுத்தும்போது வயர் தகட்டின் விளிம்பில் பட்டு, தோல் உரிந்திருந்தது. பிரேக்கை மிதித்தால்தான் அந்த வயரில் கரண்ட் வரும். வந்த கரண்ட் எல்லாம் தகட்டில் இறங்கிவிட, வைப்பருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சாமானை இறக்கினால் வயர் விலகிக்கொள்ளும். காலி வண்டியில் யார் பார்த்தாலும் கிடைக்காது.

ஆனால் ஃபியூஸ் ஏன் எரியவில்லை? முன்னால் போய் ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார். செப்புக் கம்பி. மூன்று சுற்று. அதை முறுக்கியது யாருடைய விரல் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கம்பியை விரலால் ஒரு தடவை தொட்டார். பிறகு மாடனைத் திரும்பிப் பார்த்தார்.

"இது நான்தாம்லே போட்டேன்."

"ஆமா அண்ணாச்சி."

"திங்கக்கெழம வாரேன்னியே."

"சீசன்லா அண்ணாச்சி. வண்டிதான் ஓடுதேன்னு விட்டுட்டேன். நடுவுல ரெண்டு மூணு தடவ வைப்பர் தெணறுச்சு. பெரிசா நெனைக்கல."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொன்னா நீங்க பாக்க வரமாட்டியளோன்னு."

நல்லக்கண்ணு மறுபடி அந்தக் கம்பியைப் பார்த்தார். நல்ல ஃபியூஸ் இருந்திருந்தால், சாமான் ஏற்றி முதல் பிரேக் போட்டபோதே, ஐந்தருவி வாசலிலேயே எரிந்து வைப்பர் செத்திருக்கும். மாடன் அந்த மழையில் வண்டியை எடுத்திருக்க முடியாது. நிறுத்தவேண்டிய ஒன்றை எடுத்துவிட்டு, நிறுத்தாத ஒன்றை வைத்தது அவர் கை.

மாடன் மெதுவாக அவர் முகத்துக்கு நேரே வந்தான். "அண்ணாச்சி, கம்பிய உருவிட்டு ஒரு ஃபியூஸ மாட்டிருங்க. வயர் உரிஞ்சிருக்குன்னு மட்டும் கோர்ட்டுல சொன்னாப் போதும். உங்க பேரு இதுல எதுக்கு?"

நல்லக்கண்ணு மூடியைப் பழையபடி மூடினார். கம்பி உள்ளேயே இருந்தது.

மறுநாள் கடையைத் திறக்காமல் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினார். பெண்கள் வார்டில் குழல்வாய்மொழி படுத்திருந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். கட்டிலருகே அவள் தங்கை உட்கார்ந்திருந்தாள். நல்லக்கண்ணு தான் யார், என்ன செய்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்குத் தெரியாது. வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்ததை வைத்துத்தான் புரிந்துகொண்டார்.

குழல்வாய்மொழி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். தோள் குலுங்கிற்று. வாய் தெரியாததால் ஒரு சொல்லும் அவருக்கு எட்டவில்லை. பேசி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"என்ன சொல்லுதா?" என்று தங்கையிடம் கேட்டார்.

தங்கை தயங்கினாள். "போகச் சொல்லுதா," என்றாள்.

அவ்வளவு நேரம் பேசியது அந்த இரண்டு வார்த்தை இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வாங்கி வந்த ஆரஞ்சுப் பழங்களைக் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். "ஏசியிருப்பா. ஏசினது முழுசும் என் காதுல விழுந்திருக்கணும். அதுக்காவது காது இருந்திருக்கலாம்," என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

கோர்ட்டில் அவர் மாடன் தரப்புச் சாட்சி. வயர் உரிந்த விஷயத்தைச் சொன்னதோடு அவருடைய வேலை முடிந்திருக்கும். அவராகவே கம்பியைப் பற்றியும் சொன்னார். அரசு வக்கீல் சொல்லச் சொல்ல நான் பென்சிலால் எழுதினேன்.

'ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பி போட்டது யார்?'

"நான்!" என்றார். ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்தன. குரலைக் குறைக்கும்படி நீதிபதி கையால் காட்டினார்.

'அது தவறு என்று உமக்குத் தெரியுமா?'

"தெரியும் ஐயா. மிலிட்டரியில மொத நாள் சொல்லிக் குடுத்ததே அதுதான். திங்கக்கெழம வரச் சொன்னேன், வரல. வராதவனத் தேடிப் போயிருக்கணும். போகல."

நீதிபதி என்னிடமிருந்து பென்சிலை வாங்கித் தானே எழுதினார். 'உம்மை யாரும் கேட்கவில்லையே. ஏன் சொல்கிறீர்?'

நல்லக்கண்ணு அதை இரண்டு தடவை படித்தார். "மூடியத் தொறந்து கம்பியப் பாத்தது நான் ஒருத்தன்தான் ஐயா," என்றார்.

மாடன் ஜெயிலுக்குப் போகவில்லை. அபராதமும் ஆறு மாதம் லைசென்ஸ் முடக்கமும். நல்லக்கண்ணு மேல் நடவடிக்கை வரும் என்று பேசிக்கொண்டார்கள். ஒன்றும் வரவில்லை. ஆனால் கார் வைத்திருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். 'கம்பி நல்லக்கண்ணு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இவரைப் போலக் கம்பி சுற்றிக் கொடுத்த மற்ற மெக்கானிக்குகளும் அப்படியே கூப்பிட்டார்கள். அடுத்த சீசனில் அவர் கடை முன்னால் வரிசை இல்லை. லைசென்ஸ் திரும்பக் கிடைத்த பிறகு மாடனும் அந்தப் பக்கம் வரவில்லை.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். எழுதிக் காட்டுவேன், அவர் பேசுவார். அப்படி ஒரு ஞாயிறு நான் போனபோது கடைக்குள் ஒரு பெண் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பேராச்சி. கோர்ட் விஷயம் சுரண்டைக்கு எட்டி, பஸ் பிடித்து வந்திருந்தாள். சோறு பொங்கி, கருவாட்டுக் குழம்பு வைத்து, எனக்கும் போட்டாள். அவர் எதிரே போய் நின்று, "செஞ்சது சரிதான்," என்றாள். வாயைப் பெரிதாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் கேட்டார், "இருக்கியா?"

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "நாலரைக்கு பஸ். அண்ணன் தேடுவாரு."

"சரி."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவரும் போனார். அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் சீசன் முடிந்ததும் ஒரு தடவை வந்தாள். ஒரு இரவுகூடத் தங்கவில்லை.

எனக்கு 1983இல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றல். 1986 ஜூனில் குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு வந்தபோது கடைக்குப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு புது மாருதி மட்டும் நின்றது. கேரளாவிலிருந்து வந்தவர்களுடையது, இவரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். கதவை மூடினாலும் உள் விளக்கு அணையவில்லையாம். கதவுச் சட்டத்தில் இருந்த சுவிட்சில் தண்ணீர் புகுந்து துரு ஏறியதை அவர் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்து, கழற்றித் துடைத்து மாட்டினார். வேறொரு ஃபியூஸும் எரிந்திருந்தது. தன்னிடம் அந்த அளவு இல்லை என்று சொல்லி, டவுனுக்குச் சைக்கிளில் போய் வாங்கிவந்து போட்டார். வண்டிக்காரர்கள் முக்கால் மணி நேரம் காத்திருந்து, அவர் வந்து மாட்டும்போதும் முணுமுணுத்தார்கள். அது அவர் காதில் விழாதது ஒரு விதத்தில் நல்லது என்று நினைத்தேன்.

வண்டி போனதும் ஸ்டூலை எனக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். குழல்வாய்மொழி பஸ் ஸ்டாண்டு பக்கம் பழக்கடை வைத்திருக்கிறாளாம். கட்டையை ஊன்றிக்கொண்டு நன்றாக நடக்கிறாளாம். இவர் ரோட்டின் எதிர்ச்சாரியிலேயே போய்வருவாராம், ஒரு தடவையும் கிட்டப் போனதில்லையாம். பிறகு மாருதியின் வயரிங் பற்றிச் சொன்னார். பிறகு சாரல் இந்த வருஷம் முந்திவிட்டதைச் சொன்னார். பேராச்சி போன வருஷம் வரவில்லை, முழங்கால் வலி என்று கார்டு வந்தது என்றார்.

பதில் எழுத நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை. வெளியே சாரல் வலுத்தது. என் வீட்டார் லாட்ஜில் காத்திருந்தார்கள். நான் தாளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே இருந்தேன்.