பெரியப்பாவின் பிளஷரும் பூம்புகார் ஸ்பெஷல் பஸ்ஸும்

பூம்புகாருக்குக் காரில் போவதா, பஸ்ஸில் போவதா என்று எங்கள் வீட்டில் சித்திரை பிறந்த அன்றைக்கே சண்டை ஆரம்பித்துவிட்டது. திருவிழா என்னவோ பௌர்ணமிக்குத்தான். அதுவரைக்கும் அடுப்படியிலும் கொல்லையிலும் மாட்டுக்கொட்டகையிலும் இதே பேச்சு. ஊரில் அப்போது இதைவிடப் பெரிய சண்டைகள் நடந்துகொண்டிருந்தன என்பதும் எனக்குத் தெரியும். போன அறுவடையில் கூலித் தகராறு வந்து எங்கள் வரப்பில் கொடி நட்டார்கள். போலீஸ் வேன் வந்து களத்து மேட்டில் நின்றது. ஆனால் கொடியும் வேனும் பெரியவர்கள் சமாச்சாரம். கார் ஜன்னலா, பஸ் ஜன்னலா என்பதுதான் என் சமாச்சாரம். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பூம்புகாரை அரசாங்கம் புதிதாக இழைத்து வைத்திருந்தது. கடலோரத்தில் சங்கு வடிவத்தில் வீடு கட்டியிருக்கிறார்களாம், ராட்டினம் வந்திருக்கிறதாம், பொம்மைகளெல்லாம் ஆள் உயரமாம். பார்த்துவிட்டு வந்தவர்கள் கண்ணை உருட்டிக்கொண்டு சொன்னார்கள். கூடவே ஒரு தொல்லையையும் சொன்னார்கள். கூட்டம் தாங்காததால் கார், வண்டி எல்லாவற்றையும் ஊருக்கு முன்னாலேயே நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து கடற்கரைக்கு ஸ்பெஷல் பஸ்தான்.

"எம் பிளஷரை எவன்டா நிறுத்துவான்?" என்றார் பெரியப்பா.

பிளஷர் என்று அப்போது சொன்ன அந்தக் கார் பெரியப்பாவுடையது, ஓட்டுவது அப்பா. அண்ணன் சொல்லுக்கு அப்பா எதிர்த்துப் பேசியதே கிடையாது. ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குக்கூடப் பின் சீட்டைப் பார்த்து உத்தரவு வாங்குவார். பஸ் கட்சியில் இருந்தது சித்தப்பா. காலேஜில் படித்துக்கொண்டிருந்தார், கரை வேட்டி கட்டிக்கொண்டு மேடைப் பேச்சுக் கேட்கப் போவார். "இப்ப நடக்கிறது நம்ம ஆட்சிண்ணே. மந்திரி காரா இருந்தாலும் அங்கதான் நிக்கணும். பேசாம சீர்காழியிலேயே பஸ் ஏறிடுவோம். எல்லாரும் சமமா உக்காந்து போவோமே" என்றார். அம்மாவுக்குப் பெட்ரோல் வாசனை ஆகாது, அதனால் அவளும் மனசுக்குள் பஸ் கட்சிதான். பெரியம்மாவுக்குக் கண்டவர்களோடு இடிபட்டுக்கொண்டு போவது ஆகாது. கடைசியில் ஜெயித்தது கார்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் பெரியப்பா வாயால் சொன்னது ஒன்று, செய்தது ஒன்று. நிறுத்தினால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் பயம் வந்திருக்கவேண்டும். யாருக்கும் சொல்லாமல் மாரிமுத்துவைக் கூப்பிட்டு, முன்னாலேயே அங்கே போய் நில், நாங்கள் வந்ததும் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடி என்று உத்தரவிட்டுவிட்டார்.

எங்கள் குடும்பம் எங்கே போனாலும் இது உண்டு. தேரோட்டமா, டென்ட் கொட்டகையா, ரயிலா, எங்களுக்கு முன்னால் ஒரு துண்டு போய் உட்கார்ந்திருக்கும். ஜன்னல் வழியாகத் துண்டை வீசிப் போட்டு, நாங்கள் போய்ச் சேரும்வரை மாரிமுத்து காவல் நிற்பார். நாங்கள் வந்ததும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார். 'நிற்பார்' என்று இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்கு அவர் 'அவன்'தான். என் அப்பாவைவிட மூத்தவரை, "மாரிமுத்து, இங்க வா" என்று நான் கூப்பிடுவேன். அவர் என்னை "வாங்க பாப்பா" என்பார், பெரியப்பாவை எசமான் என்ற அர்த்தத்தில் "ஆண்டே" என்பார். வாய்க்கால் வந்தால் தோளில் தூக்கி அக்கரையில் இறக்கிவிடுவார். தோளில் ஏறலாம், ஆனால் அவர் பக்கத்தில் உட்காரக் கூடாது என்ற கணக்கை யாரும் எனக்கு விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தச் சித்திரையில் எங்கள் வீட்டுக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. எங்கள் தென்னந்தோப்பின் ஓரத்தில் மாரிமுத்துவின் குடிசை இருந்தது. அவருடைய அப்பா காலத்திலிருந்தே அங்கேதான். பண்ணை நிலத்தில் குடிசை போட்டு இருக்கிறவனுக்கு அந்தக் குடிசை நிற்கிற மனை சொந்தம் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. பௌர்ணமி கழிந்ததும் ஆபீசர் வந்து யார் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறார் என்று பேச்சு.

பெரியப்பா மாட்டுக்கொட்டகையில் வைத்து மாரிமுத்துவிடம் சொன்னதை நான் கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். "வாய்க்கால் மேட்டுல ஒரு குடிசை போட்டுக்க. மூங்கில், கீத்து எல்லாம் நான் தர்றேன். ஆபீசர் வந்து போனதும் பழையபடி வந்துடு."

மாரிமுத்து தலையைச் சொறிந்தார். "யோசிச்சுச் சொல்றேன் ஆண்டே. பூம்புகாருக்குப் போய்ட்டு வந்து சொல்றேன்."

பெரியப்பா வீட்டுக்குள் வந்து விசிறியைத் தேடினார். "யோசிக்கிறானாம்! மாரிமுத்து யோசிக்கிறானாம்!" என்று அப்பாவிடம் சொன்னார், சித்தப்பாவிடம் சொன்னார், தயிர் கொண்டுவந்தவளிடம்கூடச் சொன்னார். காளை மாடு வாய் திறந்து பேசியிருந்தால்கூட அவர் அவ்வளவு ஆடிப்போயிருக்கமாட்டார்.

பௌர்ணமியன்று மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பினோம். ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தது, அம்மாவின் மடியில் எலுமிச்சம்பழமும் கிடைத்தது. பூம்புகாருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டினார். பெரியப்பா கண்ணாடியை இறக்கி ஊர்ப் பெயரைச் சொன்னார், தாத்தா பெயரைச் சொன்னார். போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த வயல்ல நிறுத்திட்டு பஸ்ல போங்க சார்" என்றார். தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்த வயல். அறுத்த தாள் காலைக் குத்தியது. அதில் எங்கள் பிளஷரோடு இன்னும் எத்தனையோ கார்களும் மாட்டுவண்டிகளும் ஒன்றாக நின்றன. சித்தப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தார். பெரியப்பாவின் காது மடல் சிவந்திருந்தது.

பனைமரத்தடியில் பஸ் நின்றது. இன்ஜின் ஓடவில்லை. டிரைவர் எதிரே டீக்கடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஒரு ஜன்னலிலிருந்து மாரிமுத்துவின் தலை எட்டிப் பார்த்தது. "பெரியம்மா, இங்க வாங்க! இடம் போட்டிருக்கேன்!"

அந்தக் குரலைக் கேட்டதும் பெரியப்பாவுக்கு உயிர் வந்தது. நெரித்துக்கொண்டு ஏறினோம். ஒரு சீட்டில் துண்டு விரிந்து கிடந்தது. அதில் பெரியம்மாவையும் அம்மாவையும் உட்காரச் சொல்லிவிட்டு மாரிமுத்து துண்டை எடுத்து உதறினார். அதை இடுப்பில் கட்டவில்லை. தோளில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கம் மூன்று பேர் உட்காரும் சீட்டில் போய் உட்கார்ந்தார். ஜன்னலோரம் அவர் மனைவி அஞ்சலை, நிறைமாசக்காரி, ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். நடுவில் அவர். ஓரத்தில் ஒரு இடம் காலி.

"உக்காருங்க ஐயா" என்றார். "உங்களுக்காகத்தான் வச்சிருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் உட்கார்ந்து நான் பார்த்தது தரையில்தான், அதுவும் குந்திக்கொண்டு. பெரியப்பாவுக்கு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற மாரிமுத்து வேறு யாரோ ஆள் மாதிரி இருந்தார். பெரியம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கையிலிருந்து எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"எழுந்திரு" என்றார் பெரியப்பா. சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாமல் பேசினால்தான் எங்களுக்குப் பயம்.

"இல்லீங்க. மூணு பேர் உக்காரலாம். உக்காருங்க."

"எழுந்திருடா."

"உக்காருங்க ஐயா."

எல்லாரும் சமமாக உட்கார்ந்து போகலாம் என்று பேசிய சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே பனைமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா படிக்கட்டில் நின்றபடி பெரியப்பாவின் முதுகைப் பார்த்தார். உத்தரவு எதுவும் வரவில்லை.

எனக்குக் கவலை ஜன்னல். அம்மா பக்கத்து ஜன்னலை ஒரு தடித்த மனிதர் அடைத்துக்கொண்டிருந்தார். நான் பெரியப்பாவின் கைக்கு அடியில் நுழைந்து, எப்போதும் ஏறுவதுபோல மாரிமுத்துவின் மடியில் ஏறிவிட்டேன். அங்கிருந்து அஞ்சலையின் தலைக்கு மேலாக வெளியே நன்றாகத் தெரிந்தது. எனக்குக் கீழே சீட்டு தடதடவென்று அதிர்ந்தது. "ஐ! பஸ் கிளம்பிடுச்சு!" என்று கை தட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. மாரிமுத்து என் வயிற்றைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார்.

"இறங்குடி கீழ" என்றாள் பெரியம்மா. நான் காது கேட்காத மாதிரி இருந்தேன்.

அந்தக் காலி இடம் அப்படியே இருந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து பீடி நாற்றத்தோடு ஒருவர் வந்து, "இங்க யாரும் இல்லியே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தொப்பென்று உட்கார்ந்தார். கண்டக்டர் வந்து மாரிமுத்துவிடம், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க ஐயா, அந்தம்மா பாவம்" என்றார். பெரியப்பாவிடம், "பெருசு, கம்பியைப் பிடிச்சுக்க" என்றார். டிரைவர் டீயைக் குடித்து முடித்து, ஏறி, வண்டியைக் கிளப்பினார். கடற்கரை வரைக்கும் பெரியப்பா கம்பியைப் பிடிக்காமலேயே நின்றுகொண்டு வந்தார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பீடிக்காரர் மேல் போய் விழுந்து நிமிர்ந்தார்.

பூம்புகாரில் நான் என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சங்கு வீடு பார்த்தேன். உள்ளே போக விடவில்லை. ராட்டினத்தில் சித்தப்பா ஏற்றிவிட்டார். மேலே போனபோது பார்த்தேன், பெரியப்பா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது, "யாரும் பஸ்ஸில ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டார். காரா பஸ்ஸா என்று அத்தனை நாள் சண்டை போட்ட குடும்பம் கடைசியில் நடந்தே காருக்குப் போய்ச் சேர்ந்தது. பெரியம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். நிலா கிளம்பியிருந்தது. ஸ்பெஷல் பஸ்கள் ஒவ்வொன்றாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. ஒன்றிலிருந்து அஞ்சலை கையை ஆட்டினாள். பழக்கத்தில் பெரியம்மாவின் கையும் பாதி உயர்ந்தது. பெரியப்பா திரும்பிப் பார்த்ததும் அதை அப்படியே கொண்டுபோய்க் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஐயாங்கிறான். ஆண்டேன்னு சொல்லல, கவனிச்சியா?" காரில் ஏறிய பிறகு பெரியப்பா பேசியது இது ஒன்றுதான். அப்பா தலையாட்டினார்.

இரண்டொரு நாளில் ஆபீசர் வந்தார். தோப்பு ஓரத்தில் குடிசை அங்கேயே இருந்தது, வாசலில் மாரிமுத்து தோளில் துண்டோடு நின்றார். ஆபீசருக்குப் பின்னால் பெரியப்பா, அவருக்குப் பின்னால் அப்பா, வேலியோரம் நான்.

"எவ்வளவு காலமா இங்க இருக்கீங்க?" என்று கேட்டார் ஆபீசர்.

"பொறந்ததுலேருந்துங்க" என்றார் மாரிமுத்து. பெரியப்பாவைப் பார்க்காமல் சொன்னார். அந்த மனை அவருக்கே ஆயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் வயலில் அவருக்கு வேலை இல்லை. பக்கத்து ஊருக்குக் கூலிக்குப் போனார். வாய்க்காலைத் தாண்ட நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கப் பழகிக்கொண்டேன். எனக்கு அழுகையாக வந்தது. ஒரு பஸ் சீட்டுக்காக இவ்வளவு கோபமா என்று இருந்தது. ஒருநாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். "நீங்க உக்காந்திருக்கலாம்ல பெரியப்பா? இடம் இருந்துச்சே!"

பெரியப்பா பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அம்மா என் தொடையில் கிள்ளினாள். மோர் ஊற்ற வந்த பெரியம்மா ஊற்றாமலேயே உள்ளே போனாள். நான் கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. பெரியப்பா அதைப் பேசாமலேயே செத்தும் போனார்.

மாரிமுத்துவைத் துணிச்சல்காரர் என்று பிற்பாடு ஊரே சொன்னது. பயமே அறியாத ஆள், பண்ணையாருக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான் என்று கதை வளர்ந்துவிட்டது. சித்தப்பாகூட மேடையில் அப்படித்தான் பேசினார். கால்மேல் கால் போட்டிருக்க முடியாது, அந்த மடியில் நான் இருந்தேன். அந்த அதிர்வு இன்றைக்கும் என் உடம்பில் இருக்கிறது. பஸ் கிளம்பிவிட்டது என்று நான் கை தட்டியபோது டிரைவர் டீக்கடையில்தான் நின்றுகொண்டிருந்தார். நடுங்கியது பஸ் இல்லை.