அத்திபெலேயில் ஈர மண்ணை நக்கிய ஆடு

வைட்ஃபீல்டிலிருந்து அத்திபெலே முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். சர்ஜாபூர் வழியாகப் போனோம். ஜனவரிப் பனி காலை வெகுநேரமாகியும் விலகவில்லை. முன்னால் போன லாரியின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. காரை ஓட்டியவள் என் தோழி ரேவதி, கால்நடை மருத்துவர். ஆடு குட்டி போடுவதைப் பார்க்க வேண்டுமென்று நான்தான் அவளைக் கேட்டிருந்தேன்.

மஞ்சுளா அக்காவின் செம்மறிக் கொட்டகை ஊருக்கு வெளியே, தைல மரத் தோப்பை ஒட்டி இருந்தது. நடுவில் மூங்கில் தடுப்பு. இடப்பக்கம் அவர் வளர்த்த ஆடுகள். ஈன்றவை அடித்தொண்டையில் மெல்லக் கனைத்தபடி குட்டிகளை நக்கின. வலப்பக்கம் அண்மையில் வாங்கிவந்த சினை ஆடுகள். மழை பொய்த்த ஊரில் சருகைத் தின்றே சினைக்காலத்தைக் கழித்தவை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"அங்க ரெண்டு குட்டி செத்துப்போச்சு டாக்டர். அம்மா பக்கத்துலயே நிக்குது, திரும்பிப் பாக்கல" என்றார் அக்கா.

நாங்கள் நிற்கும்போதே அங்கே ஒரு வெள்ளைச் செம்மறி ஈன்றது. எழுந்து தள்ளி நின்றுகொண்டது. குட்டி நடுங்கியபடி கத்தியது. தாயின் காதுகூட அசையவில்லை.

"அதுக்குக் கேக்கலையா?" என்றேன்.

"கேக்கும். சினையில தீனி சரியா இல்லன்னா பால் மட்டும் இல்ல, குட்டிமேல வர்ற ஒட்டுதலும் குறைஞ்சிடும்" என்றாள் ரேவதி.

பிறகு அது குனிந்தது. பனிக்குட நீர் சிந்திய மண்ணை நக்கிக் கனைக்கத் தொடங்கியது. குட்டி வந்து விலாவில் முட்டியதும் தலையால் தள்ளிவிட்டு, மறுபடியும் அந்த வெறும் ஈரத்தைப் பார்த்துக் கனைத்தது.

அக்கா குட்டியைத் தூக்கி ஈரத்தின்மேல் வைத்தார். நாக்கு குட்டியின் தலையில் பட்டது. இரண்டு முறை நக்கியது. குட்டி மடியைத் தேடி நகர்ந்ததும், தாய் மண்ணுக்கே திரும்பிவிட்டது.

"இனி காத்திருந்தா இதுவும் போயிடும்" என்றாள் ரேவதி. தடுப்புக்கு அப்பால் அப்போதுதான் ஒற்றைக் குட்டி ஈன்றிருந்த ஆட்டின் பனிக்குட நீரை எடுத்து இந்தக் குட்டியின் உடம்பெல்லாம் தடவி, அதன் முன்னால் விட்டாள். அந்த ஆடு முகர்ந்தது, யோசித்தது, நக்கியது. இரண்டு குட்டிகளும் பால் குடித்தன. மஞ்சுளா அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் கிளம்பும்போது நல்ல வெயில். வலப்பக்கத்து மண் காய்ந்துவிட்டிருந்தது. குட்டியைப் பெற்ற ஆடு அங்கேயே சுற்றிச் சுற்றி முகர்ந்தது. பிறகு தலையைத் தூக்கி, முதன்முறையாக உரக்கக் கூப்பிட்டது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அதன் குட்டி வாலை ஆட்டியபடி பால் குடித்துக்கொண்டிருந்தது. அது திரும்பவில்லை.