பேறுகால அறைக்கு ஒரு மணி

பதின்மூன்று வயதில் எனக்குக் கர்வம் தலைக்கேறியிருந்தது. மதுரையில் விடுதியில் தங்கி எட்டாவது முடித்துவிட்டு, நாகமலைக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊருக்குக் கோடை விடுமுறையில் வந்திருந்தேன். அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அம்மா இல்லாத வீடு. அப்பாவுடன் பிறந்த அத்தைதான் எல்லாம் பார்த்தாள். குழந்தை பிறந்ததும் அக்காவைக் கொல்லைப்புற அறையில் படுக்கவைத்தார்கள். பதினாறு நாள் தீட்டு. அத்தை மட்டும் உள்ளே போவாள், திரும்பி வந்து தலைமுழுகுவாள். சமையல் என் பொறுப்பு என்பதால் அந்த வாசற்படியைக்கூட நான் மிதிக்கக் கூடாது.

அக்கா சாதாரணக் குரலில் தண்ணீர் கேட்டால் யார் காதிலும் விழாது. அதனால் மணி செய்தேன். இரும்பு ஆணியில் நூல் சுற்றிய செப்புக் கம்பியைச் சுற்றி, பிஸ்கட் டப்பாத் தகடு, பழைய சைக்கிள் மணிக் கிண்ணம், இரண்டு டார்ச் லைட் செல் எல்லாம் சேர்த்து அடுப்படியில் மாட்டினேன். அங்கிருந்து முற்றத்தைத் தாண்டி, ஜன்னல் வழியாக அக்கா தலைமாடு வரைக்கும் கம்பி, அதன் முனையில் இன்னொரு தகடு. அவள் தகட்டை அமுக்கினால் இங்கே கிணுகிணுவென்று அடிக்கும். ஊரே வந்து பார்த்தது. எப்படி அடிக்கிறது என்று கேட்டவர்களிடம் நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிட்டால் என் பெருமை என்னாவது?

அத்தைக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "அங்கிட்டிருந்து கம்பி வழியா என்னமோ வருதுல்ல? அது மட்டும் தனியாவா வரும்? தீட்டும் சேந்துதானே வரும்?" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஏழாம் நாள் காலையில் நான் கிணற்றுக்குப் போயிருந்தபோது, எனக்குத் தெரியாமல் அத்தை அடுப்படிக் கம்பியை அவிழ்த்து மஞ்சள் தண்ணீரில் கழுவியிருக்கிறாள். கழுவியதை மறுபடி கட்டியும் விட்டாள். நான் நூலைச் சுரண்டி வைத்திருந்த முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நூல் சுற்றிய இடத்தில், மாட்டுக் கயிற்றை முடிவதுபோல இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாள். செம்பும் செம்பும் தொட்டால்தான் மணி அடிக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

அன்று எங்கள் காட்டில் பருத்தி எடுப்பு. அப்பா விடியும்போதே போய்விட்டார். புறப்படும்போது அத்தை, "அவளுக்கு மேலு லேசாச் சுடுது, தூங்கட்டும். மணி அடிச்சா உடனே காட்டுக்கு ஓடியா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் மணிக்கு நேர் எதிரே உட்கார்ந்து மிளகாய் அரைத்தேன். மணி அடிக்கவில்லை. அரைத்து முடித்து உலையும் வைத்தேன். அப்போதும் அடிக்கவில்லை. காய்ச்சல் விட்டிருக்கும், நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன். குழந்தை அழுதது. பால் கொடுப்பாள் என்று இருந்தேன். சோறு வடித்த பிறகும் அழுகை நிற்கவில்லை. முற்றத்தைத் தாண்டிப் போய் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன்.

அக்கா பாயை விட்டு உருண்டு தரையில் கிடந்தாள். கண் செருகியிருந்தது. கட்டைவிரல் மட்டும் தகட்டை அமுக்கியது, விட்டது, மறுபடி அமுக்கியது. அடுப்படியில் ஒரு சத்தமும் இல்லை.

தீட்டாவது ஒன்றாவது, உள்ளே ஓடி அவளைத் தூக்கிப் பாயில் கிடத்தினேன். உடம்பு கொதித்தது. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காட்டுக்கு ஓடினேன். அப்பா வண்டி பூட்டினார். மதுரை ஆஸ்பத்திரியில் பேறுகால ஜன்னி என்றார்கள். இன்னும் முன்னாலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று நர்ஸ் எங்களைத் திட்டினாள். நான்கு நாள் அக்கா கண் திறக்கவில்லை. பிழைத்தாள், ஆனால் பால் வற்றிப்போனது. குழந்தை ஆட்டுப்பாலில் வளர்ந்தது.

முடிச்சைப் பற்றி நான் அத்தையிடம் சொல்லவில்லை. அவள் தாங்கமாட்டாள் என்பது ஒரு காரணம். கேட்டபோது நான் சொல்லித் தராதது இன்னொரு காரணம். நினைவு தெளிந்த அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டாள்:

"ரொம்ப நேரம் அமுக்குனேன்டி. கத்தியிருப்பேன், அப்ப தெம்பு இருந்துச்சு. நீதான் கத்த வேணாம், அமுக்குனாப் போதும்னு சொன்னியே. ஏன்டி வரல?"