வசந்தாமணியைப் பார்க்க வந்தவர்கள்

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் தமிழர் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், ஆம்புலன்ஸுக்கு அடுத்தபடி வந்து நிற்பது வசந்தாமணியின் வேன்தான் என்று கோயிலில் கேலி பேசுவார்கள். கேலி பாதி, உண்மை பாதி. பித்தப்பை எடுத்தவர், முட்டி மாற்றியவர், பிள்ளை பெற்றவள், படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டவர் என்று ஒருவரையும் அவள் விட்டதில்லை. ஒரு தூக்குப்போசியில் ரசம், இன்னொன்றில் குழைய வடித்த சாதம். ஹூஸ்டன் ஆஸ்பத்திரிகளில் எந்தக் கட்டடத்துக்கு எந்தப் பார்க்கிங் என்பது அவளுக்கு மனப்பாடம்.

கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் பிறந்தவள். கிட்டுசாமிக்கு வாழ்க்கைப்பட்டு டெக்ஸாஸ் வந்தாள். அவர் எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் குழாய் டிசைன் போடும் இன்ஜினியர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவளே பேசினாள். ஊரோடு அவருக்கிருந்த ஒட்டுறவெல்லாம் அவள் சம்பாதித்துக் கொடுத்ததுதான். உறவு விஷயத்தில் அவள் வைத்திருந்த கணக்கு எளிமையானது. கல்யாணத்துக்கு வராதவரை மன்னிக்கலாம். படுத்துக் கிடக்கும்போது எட்டிப் பார்க்காதவர் நமக்கு யாருமில்லை.

சிகரெட் புகையைக் கண்டாலே முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிற அவளுக்கு நுரையீரலில் கட்டி வந்தது. இதற்கெல்லாம் நியாயம் கேட்டு யாரிடம் போவது? கட்டி பரவவில்லை, வலது நுரையீரலின் கீழ்ப்பாகத்தை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். விலாவைத் திறந்து எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. பின்னால் நடந்ததற்குக் கத்தியின் மேல் பழி போட முடியாது.

கட்டிலை ஒட்டி ஒரு மெஷின் நின்றது. அதிலிருந்து அவள் கைக்கு வலி மருந்து போனது. வயரின் நுனியில் ஒரு பட்டன். வலித்தால் அவளே அமுக்கிக்கொள்ளலாம், அளவுக்கு மேல் போகாமல் மெஷின் பார்த்துக்கொள்ளும். நர்ஸ் கிட்டுசாமியை நிறுத்திவைத்துச் சொன்னாள்: புருஷனே ஆனாலும் வேறு யாரும் பட்டனைத் தொடக் கூடாது. வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்க அவளையும் விடக் கூடாது. வலி இருந்தால் மூச்சை ஆழமாக இழுக்க முடியாது, இரும முடியாது. இருமாவிட்டால் சளி உள்ளேயே தங்கி நிமோனியா வரும். கிட்டுசாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மறுநாளே கூட்டம் ஆரம்பித்தது. வந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லாரும் அவள் கையால் ரசம் குடித்தவர்கள். ஆனால் வந்தோமா, பார்த்தோமா, கிளம்பினோமா என்று இருக்க நம் ஆட்களுக்கு எப்போதுதான் தெரியப்போகிறது? கோயில் கமிட்டி கோபாலசாமி, தன் சகலைக்கு நடந்த ஆபரேஷனை மயக்க ஊசியில் தொடங்கித் தையல் பிரித்ததுவரை சொல்லி முடித்தார். ஷ்யாமளா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுடைய பிரசவத்தின்போது அம்மா விசா கிடைக்காமல் சென்னையிலேயே மாட்டிக்கொள்ள, பிள்ளையை முதன்முதலில் குளிப்பாட்டியது வசந்தாமணிதான். இப்போது அவளைத் தேற்றும் வேலையும் நோயாளியின் தலையில் விழுந்தது.

வசந்தாமணி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விலாவிலிருந்து ஒரு குழாய் இறங்கிக்கொண்டிருந்தது. “சாப்டீங்களா? ஏனுங்க, அவிங்களுக்கு அந்த ஜூஸ எடுத்துக் குடுங்க,” என்றாள். இருமல் வந்தபோதெல்லாம் உதட்டை இறுக்கி விழுங்கினாள். நெற்றியில் வேர்வை நின்றது. பட்டன் போர்வையின் மேல் சும்மா கிடந்தது.

கூட்டம் ஓய்ந்த ஒரு சிறு இடைவெளியில் கிட்டுசாமி கேட்டார்.

“ஏன் வசந்தா, அமுக்க மாட்டேங்கற?”

“இத அமுக்குனா கண்ணு சொக்குதுங்க. வந்தவீங்க முன்னாடி நான் வாயப் பொளந்து தூங்கிட்டுக் கெடந்தா நல்லாவா இருக்கும்?”

“வலிக்குதில்ல.”

“வலிக்காம இருக்குமுங்களா? அவிங்கெல்லாம் போன பொறகு அமுக்கிக்கறேன்.”

போன பிறகு என்பது வரவே இல்லை. ஒருவர் லிஃப்டில் இறங்கும்போது அடுத்தவர் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு தடவை, அவள் கண்ணை மூடி வலியில் முனகியபோது, கிட்டுசாமியின் கை பட்டன் வரைக்கும் போனது. நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார்.

ஆஸ்டினில் வேலை பார்க்கும் மகள் கயல் லீவ் போட்டு வந்திருந்தாள். தமிழில் சொன்னால் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். “டாட், ஷி இஸ் நாட் ப்ரெஸ்ஸிங் இட். ப்ளீஸ் டெல் தெம் டு கோ ஹோம்,” என்றாள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. போய்ச் சொல்கிற வாய் அவருக்கு ஏது? கடைசியில் கயலே ஒரு தாளில் பார்வையாளர் வேண்டாமென்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள். அரைமணி நேரம் அறை அமைதியாக இருந்தது. வசந்தாமணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“கதவுல என்னமோ ஒட்டியிருக்கறாளாட்ட இருக்குது? அதக் கிழிச்சுப்போடுங்க. நாம போனப்ப யாராச்சும் நம்ம மூஞ்சில கதவச் சாத்துனாங்களா?”

கிட்டுசாமி போய்த் தாளை உரித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லைத் தட்டாத மனுஷர். தட்டியிருக்கலாம். அன்று ஒருநாள் மட்டும் தட்டியிருக்கலாம்.

அன்றிரவே காய்ச்சல் அடித்தது. விடிவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்து, ஐ.சி.யு.வுக்கு மாற்றி முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் போட்டார்கள். நிமோனியாதான். டாக்டர் கிட்டுசாமியையும் கயலையும் தனியாக அழைத்துப் பேசினார். இன்னும் கை மீறிவிடவில்லை. மருந்தை எடுத்துக்கொண்டு, நன்றாக இருமிச் சளியை வெளியே கொண்டுவந்தால் சமாளித்துவிடலாம். இல்லையென்றால் தொண்டையில் குழாய் இறக்க வேண்டிவரும், அதன் பிறகு எதையும் சொல்வதற்கில்லை.

உள்ளே வந்து பார்த்தால் பட்டன் அப்படியே கிடந்தது.

“இங்க யாரையும் உட மாட்டாங்களாமா. நீ அமுக்கிட்டுத் தூங்கு,” என்றார் கிட்டுசாமி.

“ரெண்டு பேர் ரெண்டு பேரா வரலாம்னு நர்ஸு சொன்னாளே,” என்றாள் மாஸ்க்குக்குள்ளிருந்து. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. “நீங்க வெளிய போய் ஒவ்வொருத்தரா அனுப்புங்க. அவ்வளவு தூரம் டிரைவ் பண்ணி வந்திருப்பாங்க.”

அவர் வெளியே போனார். காத்திருக்கும் ஹாலில் உட்கார இடமில்லை. கோபாலசாமி, ஷ்யாமளா, விசாலாக்ஷி மாமி, பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ பேர். நாற்காலிகளில் ஃபிளாஸ்க்குகள், பைகள். அவரைக் கண்டதும் எல்லாரும் எழுந்தார்கள்.

“எப்படி இருக்காங்க அங்கிள்? ஒரே ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறோம்,” என்றாள் ஷ்யாமளா.

“இப்ப வேண்டாங்க,” என்றார் கிட்டுசாமி. முகத்துக்கு நேரே ஒருவரிடம் அவர் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. யாரும் வீட்டுக்குப் போகவும் இல்லை. மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்கள்.

அவர் திரும்பி உள்ளே வந்தார். வெளியே ஒருவர் இருக்கிறார் என்று சொன்னாலும் போதும், அவள் கண்ணை மூட மாட்டாள்.

“யாரு வந்திருக்காங்க?”

“யாரும் வரல, வசந்தா.”

அவருக்குப் பொய் சொல்ல வராது என்பது அவளுக்குத் தெரியும். அதனாலேயே நம்பினாள்.

“இன்னிக்கு சனிக்கிழமைதானுங்களே?”

“ஆமா.”

“கோபாலசாமி அண்ணன்?”

“வரல.”

“ஷ்யாமளா கூடவா வரல?”

அவர் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். கயல் அம்மாவின் காலைப் பிடித்தபடி நின்றாள். அவளும் வாயைத் திறக்கவில்லை. வசந்தாமணி கொஞ்ச நேரம் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சின்னதாகிப்போனது. வெளியே ஊரே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிட அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. போர்வையை அவள் தோள் வரைக்கும் இழுத்துவிட்டார்.

“செரி, உடுங்க,” என்றாள் அவள். “அவிங்கவிங்களுக்கு எத்தன சோலி இருக்கும். ஏன் வரலைன்னு யாரையும் கேட்டுப்போடாதீங்க. சங்கடப்படுவாங்க.”

பிறகு பட்டனைத் தேடி எடுத்து அமுக்கினாள்.

வலி சற்று அடங்கியதும் நர்ஸ் வசந்தாமணியின் மார்போடு ஒரு தலையணையை அணைத்துப் பிடிக்க, அவள் வாய்விட்டு இருமினாள். சளி வந்தது. கிட்டுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தூங்கிப்போனாள். விழித்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம், திட்டுவாள், திட்டட்டும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் மூச்சு தடுமாறியது. குழாய் இறக்கினார்கள். கிருமி இரண்டு பக்கமும் பரவியிருந்தது, நாங்கள் நினைத்ததைவிட ஆழமாகப் போய்விட்டது என்றார் டாக்டர். அவள் அதன் பிறகு கண் திறக்கவில்லை. வியாழக்கிழமை போய்விட்டாள்.

இறுதிச் சடங்கு நடந்த ஃபியூனரல் ஹோமில் கார் நிறுத்த இடமில்லாமல் ரோடு ஓரம் வரைக்கும் நிறுத்தியிருந்தார்கள். ஹாலில் நாற்காலி போதவில்லை. பலர் சுவர் ஓரமாக நின்றார்கள். கிட்டுசாமி வந்தவர்களையெல்லாம் கைகூப்பி உட்காரச் சொன்னார். ஷ்யாமளா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது.

“அன்னிக்கு நாங்க எல்லாரும் வெளியதான் உக்காந்திருந்தோம் அங்கிள், சாயங்காலம் வரைக்கும். உள்ள வர முடியலன்னாலும், நாங்க வந்தது ஆன்ட்டிக்குத் தெரியும்தானே?”

கிட்டுசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

“தெரியும்மா,” என்றார். “நல்லாத் தெரியும்.”