பூச்சிக்காக வெளியில் வைத்த கறிவேப்பிலை

அந்தப் பூச்சிகளைப் பற்றி அம்மாவிடம் நான் சொன்னது பொய்யில்லை. வாசித்ததைத்தான் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நாங்கள் பிரெஞ்சு பேசுகிற ஒரு குளிர் நகரத்தில், சென்ட் லோரன்ட் பகுதியில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறோம். அப்பா, அம்மா, நான். அப்பா மன்னாரில் பள்ளிக்கூடம் பக்கம் போகாமலே மீன்பிடி வள்ளத்துக்குப் போனவர். அம்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு இடம்பெயர்ந்தவர். பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்பதால் வீட்டுக்கு வருகிற எந்தக் கடிதமும் உறை கிழிக்கப்படாமல் என் மேசைக்கு வரும். வீட்டுக்காரர் பிரெஞ்சில் எழுதியது, மின்சாரக் கட்டணம், அப்பாவின் மருந்துத் தாள், எல்லாம். நான் வாசித்துச் சொன்னால் அதற்குமேல் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. சொல்கிறபடி நடக்கும், அவ்வளவுதான்.

வெயில் விழுகிற ஒரே யன்னல் என் அறையில்தான். மற்றவையெல்லாம் பக்கத்துக் கட்டடத்தின் செங்கல் சுவரைப் பார்த்தபடி இருக்கும். அதனால் அம்மாவின் கறிவேப்பிலைச் செடி குளிர்காலம் முழுக்க என் மேசைக்குப் பக்கத்தில் நிற்கும். விதை போட்டு வளர்த்தது. ஆறு குளிர்காலம் தாண்டி என் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கஞ்சியும் தேங்காய்ச் சம்பலும் கொடுப்பார்கள். சம்பலுக்குக் கறிவேப்பிலை எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அம்மா ஈரத்துணியில் சுற்றி, கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்.

அம்மா கதவைத் தட்டுவதில்லை. காலையும் மாலையும் நேரே உள்ளே வந்து, விரலால் மண்ணை அமுக்கிப் பார்த்து, இலையைத் திருப்பிப் பார்த்து, போகிற போக்கில் "சாப்பிட்டனியே?" என்று கேட்டுவிட்டுப் போவார். படிப்பு நடுவில் எனக்கு எரிச்சல் வரும். சொல்ல வாய் வராது.

பெப்ரவரியில் பூச்சி வந்தது. கண்ணுக்கு முன்னால் மிதக்கிற சின்னப் பூச்சிகள். தேத்தண்ணிக் கோப்பைக்குள் ஒன்று, கணினித் திரையில் ஒன்று. ஒரு கிண்ணத்தில் வினாகிரி ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு வைத்தேன். மஞ்சள் ஒட்டுத்தாள் வாங்கித் தொங்கவிட்டேன். விழுந்தவை விழுந்தன. மறுநாளும் அதேயளவு பறந்தன.

இணையத்தில் தேடினேன். பூச்சாடியின் ஈரமண்ணில் முட்டையிடும் பூச்சி என்று ஒரு பக்கம் சொன்னது. அதில் இரண்டு படங்கள் இருந்தன. முதல் படத்தோடு நான் எழுந்து குசினிக்குப் போய்விட்டேன்.

"அம்மா, பூச்சி உங்கட செடியிலயிருந்துதான் வருது. மண்ணுக்குள்ள முட்டை வைக்குதாம்."

"மருந்து ஒண்டும் இல்லையே, தம்பி?"

பத்து நாள் தண்ணீர் விடாமல் மண்ணைக் காயவிட்டால் போதும் என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது. அதை நான் வாசித்திருந்தேன்.

"வெளியில வைச்சாத்தான் சாகும்" என்றேன்.

"குளிர் பட்டிடுமெல்லே?"

சோபாவில் படுத்திருந்த அப்பா கண் திறக்காமலே சொன்னார்: "அவன் படிச்சவன் சொல்லுறான். பிறகென்ன கதை?"

அம்மா தானே சாடியைத் தூக்கிக்கொண்டு போய் பல்கனியில் வைத்தார். ஒரு பழைய போர்வையைச் சுற்றிவிட்டார். விடிந்து பார்த்தபோது இலைகள் வெந்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கின.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு நானும் கோயிலுக்குப் போனேன். மண்டபத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஒரு அன்ரி அம்மாவின் வெறுங்கையைப் பார்த்தார்.

"என்னக்கா, கறிவேப்பிலை எங்கை? கடைக்கு விக்கத் தொடங்கீட்டியளோ?"

"செடியில பூச்சியடி. என்ர மகன் புத்தகத்தில பாத்துக் கண்டுபிடிச்சவன். ஒரே நாளில முடிச்சுப்போட்டான்."

"ஓ, அப்ப சம்பலுக்குள்ள உங்கட மகனையே ஆய்ஞ்சு போடுவம்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். கெட்டிக்கார மகனைப் பற்றிச் சொல்லுகிற முகம் அது. நான் கஞ்சிக் கோப்பைகளை அடுக்கினேன். என் அறையில் அப்போதும் பூச்சி பறந்துகொண்டிருந்தது. மிச்சம் இருப்பவை தானாகச் செத்துப்போகும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு பழைய குறிப்புக்கொப்பி தேவைப்பட்டது. ஜிப் உடைந்ததால் ஒரு மாதத்துக்கு முன் கைவிட்ட பை கதவுக்குப் பின்னால் தொங்கியது. இறக்கித் திறந்தேன். முகத்தில் ஒரு புகை எழும்பினது போல இருந்தது. அத்தனையும் பூச்சி. வெளிப்பையில் மூன்று வாழைப்பழம், தோலும் சாறுமாய். அம்மா தினமும் காலையில் வைத்துவிடுகிற பழம். நான் கன்ரீனில் சாப்பிடுகிறவன். பழத்தை மெத்ரோக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவேன். பையைக் கைவிடுவதற்கு முந்திய மூன்று நாளும் போட மறந்திருக்கிறேன்.

ஒட்டுத்தாளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். கபில உடம்பு, சிவப்புக் கண். இணையத்தில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்து, நான் பார்க்காமல் விட்ட இரண்டாவது படத்தைப் பார்த்தேன். இதேதான், பழ ஈ.

பையைக் கட்டிக் கீழே கொண்டுபோய் எறிந்தேன். இரண்டு நாளில் பூச்சி அடங்கியது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அம்மா தொலைபேசியில் யாருக்கோ "தம்பி சொன்னது சரி, இப்ப ஒரு பூச்சி இல்லை" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். செடிக்காக ஏசுவார் என்று நினைத்தேன்.

"எத்தினை பழம்?" என்று கேட்டார்.

"மூண்டு."

"அந்த மூண்டும்தானோ?"

நான் மேசையில் கிடந்த வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினேன்.

"முந்தியும் தின்னிறேல்லையோ?"

"தின்னிறேல்லை, அம்மா. நான் செடியையும்… நீங்கள் அடிக்கடி அறைக்குள்ள வாறது எனக்கு…"

"விளங்குது" என்றார். வெங்காயத்தை எடுத்து மறுபடி உரித்தார்.

சாடியை நான்தான் உள்ளே தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்தேன். இலையில்லாத ஒரு குச்சி. அடியில் உயிர் இருக்கலாம், வைகாசி வரை பார்ப்போம் என்று அம்மா சொல்கிறார். காலையில் என் பையில் பழம் வைப்பதில்லை. நானே கூடையிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறேன், பஸ்ஸில் சாப்பிடுகிறேன். அவர் பார்க்கும்படி எடுக்கிறேன். பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

மண்ணைப் பார்க்க இப்போதும் இரண்டு நேரமும் வருகிறார். முதலில் கதவைத் தட்டுகிறார். நான் "ஓம்" என்று சொல்லும்வரை வெளியிலேயே நிற்கிறார்.